நூறு டிகிரிக்குக் கீழே

களிமண்ணைத் தொட்டால் மனசு லேசாகும் என்று முதன்முதலில் சொன்ன ஆள் யாரென்று தெரிந்தால், சாரதாமணி இப்போதே ஆட்டோ பிடித்துப் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருவாள். லேசாவது கீசாவது. மணி மூன்றாக இருபது நிமிஷம். சூளையின் மீட்டர் இருநூற்றுப் பதினெட்டு என்றது. அரை மணிக்கு முன்னால் பார்த்தபோது இருநூற்று முப்பது. இடையில் அவள் பாத்திரம் துலக்கி, துணி மடித்து, யாரும் கேட்காமலேயே ஃப்ரிட்ஜின் அடித்தட்டைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால், பன்னிரண்டே பன்னிரண்டு டிகிரி இறங்கியிருக்கிறது. கார் நிற்க வேண்டிய ஷெட்டில் இந்த இரும்புப் பெட்டி புது மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருக்கிறது, கார் வெளியே கோயமுத்தூர் வெயிலில் காய்கிறது. நேற்று சாயங்காலம் ஆயிரத்து இருநூற்று இருபது வரை ஏற்றி அணைத்தது. ஏறும்போது இருந்த அவசரம் இறங்கும்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நூறுக்குக் கீழே வராமல் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் வெளிக்காற்று பட்டு உள்ளே இருப்பதெல்லாம் டிங் டிங்கென்று விரிசல் விடும். போன மாசம் ஒரு தடவை அவசரப்பட்டு அந்தச் சத்தத்தை அவள் கேட்டாயிற்று, இன்னொரு தடவை கேட்கிற தெம்பு இல்லை. எப்படிக் கணக்குப் போட்டாலும் நூறைத் தொட எட்டு மணியாகிவிடும். மனோ ஐந்து மணிக்குக் கூப்பிடுவான். ஐந்து என்றால் ஐந்துதான், பதினைந்து வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட ஐந்தேகாலுக்குக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பி வர்றயா இல்லையா என்று கேட்பான். அதற்கு ஒரு பதில் வேண்டும். அவள் பதில் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். நாற்பத்து மூன்று வயசு, ஒரு டிசைன் கம்பெனியில் சரிபாதி முதலாளி, ஆறு மாசம் லீவு போட்டுவிட்டு மண் பிசைகிறவள், திரும்பிப் போவதா வேண்டாமா என்பதைப் பூக்கட்டிப் பார்ப்பது போல ஒரு சூளையிடம் விட்டிருக்கிறாள் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள். அவள் தேடுகிற பச்சை நிறம் உள்ளே வந்திருந்தால் கம்பெனிக்கு முழுக்கு. வராவிட்டால் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஜன்னலோர மேசை. அவ்வளவுதான் ஒப்பந்தம். கோயிலிலாவது ஐந்து நிமிஷத்தில் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள், வெள்ளைப் பூவா சிவப்புப் பூவா என்று தெரிந்துபோகும். இது இருபது மணி நேரமாக ஆறிக்கொண்டே இருக்கிறது. மனோவைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. ஒரு தையல்கடை மாடியில் இரண்டு பழைய கம்ப்யூட்டரோடு அவனும் அவளும் ஆரம்பித்த கம்பெனி அது. எண்ணெய் டின், மாட்டுத் தீவனச் சாக்கு, நகைக்கடைப் பை என்று இந்த ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குள் அவர்கள் வரைந்தது ஏதோ ஒன்று கிடக்கிறது. சாம்பார்பொடி பாக்கெட்டில் செத்துப்போன தன் அப்பா படம் வேண்டும், ஆனால் அப்பா இன்னும் கொஞ்சம் சிரிக்க வேண்டும் என்று கேட்ட முதலாளிக்கு, பாவம், வாழ்நாளெல்லாம் உம்மென்று இருந்த அந்தப் பெரியவரின் உதட்டை அவள்தான் மூன்று நாள் உட்கார்ந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தூக்கிவிட்டாள். அதையெல்லாம்கூடச் செய்திருப்பாள். கடைசியாக வந்தான் பாருங்கள், முறுக்கு கம்பெனிக்காரன். மிஷினில் பிழிகிற முறுக்கு, ஒரு நாளைக்கு நாலு டன், பாக்கெட்டைப் பார்த்தால் வீட்டில் கையால் சுற்றினது போல இருக்க வேண்டுமாம். அதற்காக எழுத்தை வேண்டுமென்றே நடுங்க வைத்து, ஓரத்தை வேண்டுமென்றே பிசிறடித்து, ஒரு மூலையில் மாவு பட்ட கட்டைவிரல் ரேகையை வரைந்தாள். யாருடைய ரேகையும் இல்லாத ரேகை. முறுக்குக்காரன் பார்த்துவிட்டு, "ரேகை கொஞ்சம் பொம்பளைக் கை மாதிரி இருந்தா நல்லாருக்குமுங்க," என்றான். அன்றைக்குத்தான் அவள் மனோவிடம் ஆறு மாசம் கேட்டது. மனோ ஒரு நிமிஷம் மேசையைப் பார்த்துவிட்டு, "சரி, போய்ட்டு வா," என்றான். போய்ட்டு வா என்றுதான் சொன்னான். அதில் வா என்று ஒன்று இருக்கிறது, அதுதான் ஆறு மாசமாக அவளைக் குத்திக்கொண்டிருக்கிறது.

இருநூற்றுப் பதினாலு. வந்த இடத்திலாவது நிம்மதி உண்டா என்றால், அங்கே பொய்க் கோணல் வரைந்து சலித்தவளுக்கு இங்கே மண் நிஜக் கோணலை அள்ளி அள்ளிக் கொடுக்கிறது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கொடுக்கிறது. சக்கரத்தில் நேராக ஏறி நிற்கிற கிண்ணம் காய்கிறபோது ஒரு பக்கம் வாயைக் கோணிக்கொள்ளும். கைப்பிடி ஒட்டினால் மறுநாள் கைப்பிடி கையோடு வரும். மணிக்கட்டு வலிக்கு வலது கைக்கு ஒரு பட்டி, இடது கைக்கு ஒரு தைலம். பார்க்கிறவர்களோ, அவள் ஏதோ ஆசிரமத்தில் சேர்ந்துவிட்டதைப் போலத் தலையைச் சாய்த்து, "மனசுக்கு அமைதியா இருக்குமில்லீங்க?" என்பார்கள். ஆமாம் ஆமாம், அமைதியில் பல் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல்லே தேய்ந்துவிட்டது. அவள் புருஷன் கதிர்வேல் மோட்டார் பம்பு கம்பெனியில் தரம் பார்க்கிறவர். ஒரு நூலிழை தப்பினாலும் ரிஜெக்ட் என்று ஓரமாகத் தள்ளுவதுதான் அவர் உத்தியோகம். வீட்டில் அவள் கொடுத்த டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் அதிலேயே காபி குடித்தார். அந்த ஒன்றும் சொல்லாததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்து ரிஜெக்ட் என்றாவது சொல்லியிருக்கலாம். போன் அதிர்ந்தது, அவர்தான். "எத்தனை டிகிரி?" என்று செய்தி. காலையிலிருந்து ஆறாவது தடவை, மேட்ச் ஸ்கோர் கேட்பது போல. "இருநூத்திப் பதினாலு" என்று அடித்து அனுப்பினாள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை வந்தது. இதில் கட்டைவிரலைத் தூக்க என்ன இருக்கிறது.

எல்லாம் அந்தப் பச்சையால் வந்த வினை. அஞ்சு மாசத்துக்கு முன்னால், லீவு போட்ட புதிதில், ஒரே ஒரு கிண்ணத்தில் அது வந்தது. மண்ணின் மேல் கண்ணாடியாக உருகிப் படிகிற பூச்சுக்குக் கிளேஸ் என்று பேர். அன்றைக்கு மிச்சம் மீதி கிடந்த கிளேஸை எல்லாம் ஒரே வாளியில் ஊற்றி, கொஞ்சம் தாமிரப் பொடி, கொஞ்சம் உமிச்சாம்பல், கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டுக் கலக்கினாள். ஏதோ ஒரு கோபத்தில் கலக்கியது, என்ன கோபம் என்றுகூட இப்போது நினைவில்லை. வெளியே வந்தது பாசிப்பயறு ஊறி முளை விடுவதற்கு முன்னால் இருக்கிற நிறம். பளபளப்பு இல்லை, மங்கலும் இல்லை. பதினைந்து வருஷமாக நிறத்தோடுதான் குடித்தனம், நம்பரைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிறத்தைச் சொல்வாள், இந்தப் பச்சைக்கு மட்டும் அவளிடம் நம்பர் இல்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டிலேயே அரை மணி நேரம் நின்றாள், கொண்டைக்கடலை அடுப்பில் தீய்ந்ததுகூடத் தெரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, எத்தனை அள்ளிப் போட்டோம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அதற்கப்புறம் நாலு தடவை முயன்று நாலு தடவையும் ஒரு சாணிப் பச்சை. கடைசியில் உட்கார்ந்து ஒழுங்காகக் கட்டம் போட்டாள். தாமிரம் எட்டு அளவு, சாம்பல் ஐந்து அளவு, எட்டைந்து நாற்பது. கட்டை விரல் நீளத்தில் நாற்பது வில்லைகள் தட்டி, முதல் சூட்டில் சுட்டு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கலவையைப் பூசி, பின்பக்கம் நம்பர் எழுதி உள்ளே அடுக்கியாயிற்று. நோட்டில் ஒவ்வொரு நம்பருக்கும் நேராகக் கலவை. இந்த நாற்பதில் ஒன்றாவது அந்தப் பச்சையாக இருந்தாக வேண்டும். இருந்தால் அந்த நம்பரைப் பார்த்து, நோட்டைப் பார்த்து, இனி ஆயுசுக்கும் அதைத் தேட வேண்டாம். மனோவிடமும் தைரியமாகச் சொல்லிவிடலாம். கையில் சொந்தமாக ஒரு நிறம்கூட இல்லாமல் ஜன்னலோர மேசையை விட்டுவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது.

"ஏங்கண்ணு, அடுப்பு இன்னும் ஆறலையாட்ட இருக்குது?" என்று குரல் கேட்டது. வீட்டுக்காரம்மா ருக்மணி, மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார். கையில் ஒரு அட்டைப் பெட்டி. பெங்களூரில் இருக்கிற மகளுக்குப் பருப்புப்பொடியும் ஊறுகாயும் அனுப்புகிறார். "நேத்து நீ அதப் போட்டதுல கரண்டு பத்தாம எங்கூட்டு பேனு நவுறவே இல்ல. மாமா பகலெல்லாம் விசிறியும் கையுமா உக்காந்திருந்தாரு," என்றார், குறையாக இல்லை, செய்தி சொல்வது போலத்தான், ஆனால் எட்டாவது தடவை. "இனிமே சொல்லிட்டுப் போடறனுங்கம்மா," என்றாள் சாரதாமணி, எட்டாவது தடவை. "எனக்கொரு ஊறுகாய்ச் சாடி செஞ்சு தர்றன்னியே கண்ணு, மூடி போட்டு?" "செய்யறனுங்கம்மா." மூடி போட்டுச் சாடி கேட்காத பொம்பளை இந்தத் தெருவில் கிடையாது. மூடி சரியாக உட்காரச் செய்வது எத்தனை எழவு என்று இவர்களுக்கு எப்படிச் சொல்வது. "இப்ப அதுக்கு வரல. பொட்டியில வெலாசம் எழுதோணும். உங்கிட்ட ஒரு கறுப்புப் பேனா இருக்குமே, தடியா?" இருந்தது. வேலை மேசை மேல், தூரிகைகள் வைக்கிற டப்பாவில், நட்டுக்குத்தலாக. ஆபீஸிலிருந்து பையோடு வந்தது. அதை எடுத்துக் கொடுத்தாள். ருக்மணியம்மா மூடியைக் கழற்றி நுனியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். "இதுல எழுதுனா அழிஞ்சு போவாதல்ல?" "அழியாதுங்கம்மா." "மழத் தண்ணி பட்டா?" "அழியாதுங்க." "வெயில்ல?" "வெயில்லயும் ஒண்ணும் ஆகாது. தீ வெச்சாத்தான் உண்டு," என்று சொல்லிவிட்டு அவள் அப்படியே நின்றாள். பேனாவின் உடம்பில், விரல் பிடிக்கிற இடத்தில், வெள்ளையாக மண் காய்ந்திருந்தது. "என்ன கண்ணு?" என்றார் ருக்மணியம்மா. "ஒண்ணுமில்லீங்க, நீங்க எடுத்துட்டுப் போய் எழுதுங்க." அவர் படியேறிப் போகிற செருப்புச் சத்தம் கடைசிப் படி வரை கேட்டது.

இல்லை. இருக்காது. இரும்புப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, சின்னத் தூரிகையால்தான் எழுதினாள். அந்தக் காவித் தண்ணீர் வைத்த கிண்ணம் இதோ, மேசை ஓரத்தில், அடியில் வண்டல் காய்ந்து கிடக்கிறது. அதுதான் சாட்சி. இரும்பு தீயில் போகாது, கறுத்து நிற்கும். முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள், ஈரமாக இருக்கும்போதே ஆணியால் கீறிவிடுங்கள், அதுதான் நிச்சயம் என்று. ஆணியால் கீறினால் நம்பர் பிசிறடிக்கும், எட்டின் வயிறு கிழியும், சின்னப் பிள்ளை சுவரில் கிறுக்கினது போல இருக்கும் என்று அவளுக்கு அருவருப்பு. எழுத்துதானே அவள் பிழைப்பு. அதனால் தூரிகை. ஒன்று எழுதினாள், இரண்டு எழுதினாள். ஆமாம், எழுதினாள், நன்றாக நினைவிருக்கிறது, மூன்றின் வளைவில் மயிர் விரிந்து கோடு தடித்தது. நாலு. ஐந்து. ஐந்தின் மேல்கோடு சொட்டி இறங்கியது. எட்டு வரை எழுதினாள். அதற்கப்புறம்? அதற்கப்புறம் கதிர்வேல் வந்து மத்தியானம் ரசமா மோரா என்று கேட்டார். ரசம் என்றாள். ரசம் என்று சொன்னபோது கையில் என்ன இருந்தது? தூரிகையா, பேனாவா? ரசத்தில் மிளகு அதிகம் என்று அப்புறம் அவர் இருமினார், அது தெளிவாக இருக்கிறது, மிளகு நினைவிருக்கிறது, கையில் இருந்தது நினைவில்லை. ஒன்பதை எழுதும்போது ஒரு சுகம் இருந்தது. வழுக்கிக்கொண்டு போனது கோடு, ஒரே தடிமன், ஒன்பதின் வால் அவள் நினைத்த இடத்தில் நின்றது. தூரிகையில் அந்தச் சுகம் வராது. பதினொன்று, பன்னிரண்டு, இருபத்திரண்டின் இரண்டு இரண்டும் அச்சில் வார்த்தது போல. ஐயோ. தூரிகையில் அப்படி வரவே வராது. சரி, போகட்டும், முதல் எட்டாவது இரும்புதானே, எட்டாவது தப்பித்ததே. அப்போதுதான் அந்த ஸ்பாஞ்சு நினைவுக்கு வந்தது. மஞ்சள் ஸ்பாஞ்சு. முதல் எட்டும் மற்ற முப்பத்திரண்டோடு சேரவில்லை, அது காவி இது கறுப்பு, அது சொட்டின கோடு இது நேர்கோடு, ஒரே வரிசையில் இரண்டு விதமான எழுத்து இருப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஸ்பாஞ்சை நனைத்து எட்டையும் சுத்தமாகத் துடைத்து, பேனாவால் திரும்ப எழுதினாள். யாரும் பார்க்கப் போவதில்லை, வில்லையின் பின்பக்கம், தீக்குள் போகிற நம்பர், அதற்கும் அழகு வேண்டியிருந்தது. துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்துத் தலையை வேறு ஆட்டிக்கொண்டாள்.

இருநூற்று நாலு. போனைத் திறந்தாள். அடுக்குவதற்கு முன்னால் போட்டோ எடுத்தாளே. எடுத்தாள். நாற்பதும் மேசையில் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில், குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். தேடித் தேடி எடுத்துப் பார்த்தால் பதினேழாம் நம்பர் மட்டும் கண்ணைப் பறிக்கிற தெளிவு, பதினெட்டில் பாதி, மற்றதெல்லாம் பின்னால் அழகாக மங்கிப்போய், பனிமூட்டத்தில் கரைந்துபோய். அதை நெட்டில் வேறு போட்டிருந்தாள், நூற்றுப் பன்னிரண்டு பேர் இதயம் போட்டிருந்தார்கள். எவளோ ஒருத்தி, "பார்க்கவே அமைதியா இருக்கு" என்று எழுதியிருந்தாள். சாரதாமணி போனைக் கவிழ்த்து வைத்தாள். பின்பக்கம் எழுதினதைப் படம் எடுத்ததால் முன்பக்கம் எந்த நிறம் பூசியது என்றும் அதில் கிடையாது, ஆக அந்தப் பதினேழும் உதவாது. அடுக்கின வரிசையாவது நினைவிருக்கிறதா? ஒன்றிலிருந்து நாற்பது வரை ஒழுங்காக அடுக்கியிருந்தால் இந்தப் பாடே இல்லை. ஆனால் அவள் அகலத்துக்கு அகலம் பார்த்து, இடைவெளி ஒரே அளவாக வருகிற மாதிரி, தட்டு நிறைந்து தெரிகிற மாதிரி மாற்றி மாற்றி வைத்தாள். சூளைக்குள் யார் பார்க்கிறார்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொண்டாள். கதிர்வேலாக இருந்தால் படம் வரைந்து மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று அம்புக்குறி போட்டு வைத்திருப்பார். இப்போது அவரிடம் சொன்னால் பதறவும் மாட்டார், திட்டவும் மாட்டார். தாமிரம் கூடக்கூட நிறம் கெட்டிப்படுமில்ல, அந்த வரிசையில வெச்சுப் பாத்துக் கண்டுபுடிச்சரலாம் சாரதா என்பார். சாம்பலும் கூடவே மாறுகிறதே, இரண்டு பக்கமும் மாறினால் எதை எதோடு வைப்பது, பக்கத்துப் பக்கத்துப் பச்சைகளை எந்தக் கண் பிரிக்கும் என்று அவள் கத்த வேண்டியிருக்கும். அவர் சொல்லாததற்கே அவளுக்கு இப்போது அவர்மேல் கோபம் வந்தது.

சரி, ஒப்பந்தம் என்ன ஆகிறது? பச்சை வந்தால் விடுவது, வராவிட்டால் போவது. வந்து, எது என்று தெரியாமல் போனால்? வந்ததில் சேர்த்தியா, வராததில் சேர்த்தியா? வில்லை கையில் இருக்கும், நிறம் கண்ணுக்கு முன்னால் இருக்கும், ஆனால் மறுபடி செய்யத் தெரியாது. அது அந்தப் பழைய கிண்ணத்தைப் போலத்தான். ஆக வராதது. ஆனால் நாற்பதில் ஒன்று என்று தெரிகிறதே, அது கிண்ணத்தைவிட எத்தனையோ மேல். ஆக வந்தது. பாதி வந்தது. பாதி வந்ததற்கு என்ன செய்வது, பாதி நாள் ஆபீஸ் போவதா? மணி நாலே முக்கால் ஆகிவிட்டது, இந்த வாய்தா வழக்கிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. எழுந்து போய்ச் சூளைக் கதவின் கொக்கியில் கை வைத்தாள். நூற்று எழுபத்தாறு. கொக்கி சுட்டது, ஆனால் பிடிக்க முடிகிற சூடு. ஒரு விரல் அளவு திறந்து எட்டிப் பார்த்தால் என்ன, தெரிந்துபோகுமே. வில்லைகள் சின்னவை, தாங்கும். கீழ்த்தட்டில் இருக்கிற இரண்டு அகலக் கிண்ணம் தாங்காது. தாங்காவிட்டால் போகட்டும், கிண்ணம் முக்கியமா பதில் முக்கியமா. பதில்தான். அப்படியானால் கை ஏன் திருகமாட்டேன் என்கிறது? அவளுக்குப் பயம் வந்தது. கிண்ணம் உடைவதைப் பற்றிய பயம் இல்லை அது. நம்பர் எரிந்த பயமும் இல்லை, அது எரிச்சல், எரிச்சல் தலையில்தான் ஏறும். இது வேறு. பச்சை வந்துவிட்டால், இன்றைக்கே ஐந்து மணிக்கே வந்துவிட்டால், அப்புறம் அவள் யார்? மனோவின் பாதி இல்லை. சாம்பார்பொடிக்காரர் இனி கூப்பிடமாட்டார். கல்யாண வீட்டில் என்ன பண்றீங்க என்று கேட்டால் நாக்கு தடுக்கும். கிண்ணம் செய்கிறேன் என்றால், ஓ ஹாபியா என்பார்கள். வராவிட்டாலோ, திங்கட்கிழமை ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்து இன்னொரு ரேகை வரைய வேண்டும், அதை நினைத்தாலும் அதே பயம்தான் வந்தது. இரண்டு பக்கமும் பயம் என்றால் பெட்டியைக் கேட்டு என்ன ஆகப் போகிறது. கொக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

ஐந்து அடிக்கப் போன் அடித்தது. "சொல்லு சாரதா," என்றான் மனோ. பின்னால் பிரிண்டர் இழுக்கிற சத்தம், அந்த மூன்றாவது தட்டில் எப்போதும் காகிதம் மாட்டுகிற பழைய பிரிண்டர்தான். "மனோ, எட்டு மணிக்குக் கூப்பிடறயா?" என்றாள். "மாட்டேன். வேலைக்குப் புதுசா பேசி வெச்சிருக்கற பொண்ணு ஆறு மணிக்குள்ள சொல்லச் சொல்லியிருக்கா, அவளுக்கு இன்னொரு எடத்துலயும் வேலை இருக்கு. நீ வர்றீன்னா அவளுக்கு உள் ரூம். வரலீன்னா உன் மேசை. எனக்கு ஒரு வார்த்தை போதும். திங்கட்கிழமை வர்றயா?" அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "திங்கட்கிழமையா? திங்கட்கிழமை எப்படி வர்றது மனோ? நாப்பது வில்லையையும் மறுபடி தட்டணும். அது காய ஒரு வாரம். அப்பறம் முதல் சூடு. அப்பறம் நாப்பது கலவையையும் திரும்ப நிறுத்துக் கலக்கணும். நம்பர் பூரா எரிஞ்சு போச்சு, எல்லாம் என் கொழுப்பு, பேனாவுல எழுதித் தொலைச்சுட்டேன். மறுபடி வெந்து வெளிய வர்றதுக்கே மாசக் கடைசி ஆயிரும். இதுல நீ வேற திங்கட்கிழமை திங்கட்கிழமைன்னு உயிரை எடுக்கற." மூச்சு வாங்கியது. அந்தப் பக்கம் பிரிண்டர் நின்றுவிட்டது. "திறந்து பாத்தியா?" என்று கேட்டான் மனோ. "இன்னும் எங்க திறந்தேன், நூத்தி எழுபதுல நிக்குது." "திறக்காமயே, மறுபடி செய்யறதுன்னு முடிவு பண்ணிட்டயா?" என்றான். மாடியில் ருக்மணியம்மா பெட்டிக்கு டேப் இழுத்து ஒட்டுகிற சத்தம் கேட்டது. "இதை நீ ஆறு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்," என்றான் மனோ, கோபமாகத்தான். "எனக்கு மட்டும் தெரியுமா?" என்று அவளும் கோபமாகவே சொன்னாள். "சரி. அப்ப அந்தப் பொண்ணுகிட்ட ஜன்னலோர மேசைன்னு சொல்லிர்றேன்." "சொல்லிரு." அவன் வைக்கப் போகிறான் என்று தெரிந்ததும், "மனோ," என்றாள். "சொல்லு." "மழை வந்தா அந்த ஜன்னல் கீழ் ஓரத்துல தண்ணி இறங்கும். கம்ப்யூட்டர் பொட்டியை ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லு. இல்லீன்னா போயிரும்." "சொல்றேன்," என்றான். பிரிண்டர் மறுபடி இழுக்க ஆரம்பித்தது, வைத்துவிட்டான்.

சாரதாமணி மண் மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதாள். விட்டுவிட்டோமே என்று அழுகை வந்தது, விட்டாயிற்று என்றும் வந்தது, கண்ணைத் துடைக்கப் போனால் கையெல்லாம் மண், அதற்கும் சேர்த்து வந்தது. போன் அதிர்ந்தது. "எத்தனை டிகிரி?" என்று கதிர்வேல் கேட்டிருந்தார். எட்டிப் பார்த்தாள், நூற்று அறுபத்தொன்பது. அதை அடித்து அனுப்பினாள், மற்றதை அவர் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம். கட்டைவிரல் பொம்மை வந்தது. எட்டு மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கிறது, அதற்குள் பாதி வில்லைகளாவது தட்டிவிடலாம் என்று எழுந்து மூட்டையின் வாயை அவிழ்த்தாள்.